பட்டணத்துக்கு 35 மைல்

பட்டணத்தில் குடித்தனம் செய்யும் பெண்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கனவு உண்டு. பக்கத்து வீட்டு டெலிவிஷன் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும்போதும், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்கும்போதும் அந்தக் கனவு தலை தூக்கும். "எங்கேயாவது ஒரு கிராமத்திலே, நாலு மரம், ஒரு கிணறு, வாசலில் ஒரு திண்ணை என்று நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால்..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதில்தான் சூட்சுமம். அவருக்கு ஆபீஸ் போகவேண்டும், குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், நடுராத்திரியில் ஜுரம் என்றால் டாக்டர் வேண்டும். ஆகக் கிராமமும் வேண்டும், பட்டணமும் கூப்பிடு தூரத்தில் வேண்டும்!

இந்தக் கனவு நமக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்கர்களுக்கும் உண்டு. அவர்கள் அதற்கென்று ஒரு பிரதேசத்தையே ஒதுக்கி வைத்து, சட்டம் போட்டு, கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வாருங்கள், அங்கே உங்களை அழைத்துப் போகிறேன். வர்ஜீனியா மாநிலத்தின் வட கோடியில் இருக்கிறது லௌடன் கவுண்டி. கவுண்டி என்றால் நம்முடைய ஜில்லா மாதிரி. ஆனால் அளவில் நமது தாலுகாவைப் போல. அதன் தலைநகரான லீஸ்பர்க், வாஷிங்டன் மாநகரிலிருந்து ஏறக்குறைய 35 மைல். நம் ஊர்க் கணக்கில் சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் உள்ள தூரந்தான்.

வடக்கு எல்லையில் பொடோமாக் நதி. மேற்கு எல்லையில் புளூ ரிட்ஜ் மலைத் தொடர். அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் நீலமலை, நம் நீலகிரியேதான்! தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையாகவே நீலமாக இருக்கிறது. ஆனால் உதகமண்டலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இந்தப் பக்கத்தில் அதன் உயரம் 2,000 அடியைத் தொடவில்லை.

லௌடனுக்கு இரண்டு முகங்கள். லீஸ்பர்க் ஊடே தெற்கு வடக்காக ஓடும் 15-ஆம் நம்பர் சாலையை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கிழக்கே பட்டணம், மேற்கே கிராமம். பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மேற்கே இருக்கிறது. ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்கே இருக்கிறார்கள்.

முதலில் கிழக்கைப் பார்த்துவிடுவோம். அங்கே அதிக நேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை. 1962-இல் டல்லஸ் விமான நிலையத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது கவுண்டி முழுவதிலும் 25,000 பேர்கூட இல்லை. பாலும் சோளமும் குதிரையுமாக இருந்த பூமி. 2020 ஜனத்தொகைக் கணக்கில் 4,20,000-க்கு மேல்! அவர்களில் ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சத்தினர். அதிலும் இந்தியர்கள் நிறைய. ஆஷ்பர்ன் என்ற ஊரில் காலையில் நடக்கப் போனால், ஸ்வெட்டருக்குமேல் தாவணி மாதிரி துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் நம் பாட்டிமார்கள் எதிர்ப்படுவார்கள். தமிழில் பேசினால் முகம் மலர்ந்து போகிறது. இட்லி மாவு கடையில் கிடைக்கிறது. சனி, ஞாயிறுகளில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு. 2022 நவம்பர் முதல் வாஷிங்டனுக்கு மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. இப்படி எல்லா ஸௌகரியமும் உண்டு. வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சாவியை மாற்றிப் போட்டால்கூடத் திறந்துகொள்ளுமோ என்று தோன்றும்.

அந்த வீடுகளுக்கு நடுநடுவே ஜன்னலே இல்லாத பிரம்மாண்டமான கட்டடங்கள் நிற்கின்றன. அரிசிக் கிடங்கோ என்று நினைத்தேன். உள்ளே இருப்பவை கம்ப்யூட்டர்கள். 'டேட்டா சென்டர்' என்கிறார்கள். நீங்கள் செல்போனில் சமையல் குறிப்புத் தேடுகிறீர்கள், பேத்தியின் படத்தை அனுப்புகிறீர்கள் அல்லவா? அதையெல்லாம் வாங்கி வைத்துத் திருப்பித் தரும் யந்திரங்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கின்றன. உலகத்திலேயே இவை மிக அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் இதுதான். ஏறத்தாழ 200 கட்டடங்கள், 4 கோடிச் சதுர அடிக்கு மேல். உலகத்து இன்டர்நெட்டில் 70 சதவிகிதம் இந்த வழியாகப் போகிறது என்று பெருமை அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்; மறந்துவிடாதீர்கள்.

லீஸ்பர்க்கைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. சாலை குறுகுகிறது. இரு பக்கமும் கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய பழைய மதில்கள். சரிவுகளில் குதிரைகள் மேய்கின்றன. பிறகு தார் ரோடும் முடிந்து, சரளைக்கல் சாலை ஆரம்பமாகிறது. இத்தகைய சாலைகள் இந்தக் கவுண்டியில் 250 மைலுக்குமேல் இன்னும் இருக்கின்றன. பணமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் மிக அதிகமான கவுண்டிகளில் இது ஒன்று. நம் கிராமத்து ஜனங்கள் தார் ரோடு வேண்டும் என்று மனுக் கொடுக்கிறார்கள். இங்கே உள்ளவர்கள் தார் ரோடு வேண்டாம் என்று மனுக் கொடுக்கிறார்கள்! தார் போட்டால் கார் வேகமாகப் போகும், வேகமாகப் போனால் வீடு கட்டுகிறவன் வருவான், அவன் வந்தால் கிராமம் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. குதிரையின் குளம்புக்கும் சரளைதான் நல்லதாம்.

லவட்ஸ்வில் பக்கத்தில், இந்த மாதிரி ஒரு சாலையின் கோடியில், நம் கும்பகோணத்துப் பெண் ஒருவர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஆஷ்பர்னில் ஏழு வருஷம் இருந்துவிட்டுக் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் இங்கே வந்து சேர்ந்தவர். மூன்று ஏக்கர் நிலம், ஒரு பழைய களஞ்சியம், பின்னால் ஓக் மரங்கள். வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு, "முதல்லே குழாயைத் திறந்து பாருங்கோ, அப்புறம் பொறாமைப்படலாம்" என்றார்.

திறந்தேன். ஜில்லென்ற தண்ணீர் வந்தது. ருசியும் நன்றாக இருந்தது. ஆனால் அது நகரசபைத் தண்ணீர் அல்ல. வீட்டுக்குச் சொந்தமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இந்தப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான அடி பாறையைத் துளைத்துத்தான் தண்ணீர் எடுக்கவேண்டும். வீடு வாங்கும்போது படுக்கை அறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் கிணறு நிமிஷத்துக்கு எத்தனை காலன் கொடுக்கும் என்று கேட்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நீரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். சாக்கடையும் கிடையாது. தோட்டத்துக்கு அடியில் செப்டிக் டாங்க். மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். நம் தாம்பரத்துக்கு அப்பால் புது நகர்களில் குடியேறியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல!

கிணறு மின்சாரத்தில் ஓடுகிறது. அங்கேதான் கஷ்டம். புயற்காற்றில் ஒரு மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் விளக்கு மட்டுமா போகும்? பம்பு நின்றுபோகும், தண்ணீர் நின்றுபோகும். பனிக்காலத்தில் ஒருமுறை மூன்று நாள் அப்படி ஆயிற்றாம். ஆகையால் ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்த மாத்திரத்தில் இந்த வட்டாரத்து இல்லத்தரசிகள் செய்யும் முதல் காரியம், குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பதுதான். "மாம்பலத்திலே அத்தை வீட்டிலே அண்டா அண்டாவாய்ப் பிடிச்சு வைப்போமே, அதே பழக்கம்தான் இங்கேயும் உதவறது" என்றார் அந்த அம்மாள்.

மற்றக் கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். பால் வேண்டுமானாலும் கார் எடுக்கவேண்டும். கார் ஓட்டத் தெரியாத பெண் இங்கே சிறைக் கைதிதான். ஊரிலிருந்து மாமியார் வந்தால் முதல் வாரம் "என்ன அமைதி!" என்பார்கள், மூன்றாவது வாரம் பேச ஆள் இல்லாமல் தவித்துப்போவார்கள். அந்தி வேளையில் மான் கூட்டம் சாலையில் குறுக்கே பாயும். அழகுதான்! ஆனால் காரில் மோதினால் மானும் போச்சு, காரும் போச்சு. புல்லில் நடந்துவிட்டு வந்தால் குழந்தைகளின் காதுமடல், முழங்கால் பின்புறம் எல்லாம் தடவிப் பார்க்கவேண்டும். மான் உண்ணி கடித்தால் லைம் காய்ச்சல் வரும். இந்தக் கவுண்டியில் அது சாதாரணம்.

ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். உலகத்து இன்டர்நெட்டுக்கே தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் கவுண்டியின் மேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நல்ல இன்டர்நெட் கிடையாது! கொரோனாக் காலத்தில் குழந்தைகள் பாடம் படிப்பதற்காக, தாய்மார்கள் காரில் அழைத்துப்போய் வாசகசாலை வாசலில் நிறுத்திக்கொண்டார்கள். 2021-இல்தான் 8,000-க்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கம்பி இழுக்கக் கவுண்டியார் திட்டம் போட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் வருகிறார்கள்? நான் கேட்ட எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். இங்கே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்றார்கள். பனி பெய்தால் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து பாதையைச் சுத்தம் செய்துவிட்டு, காப்பிகூடச் சாப்பிடாமல் போய்விடுகிறார். தீயணைப்பு நிலையத்தில் சம்பளக்காரர்களோடு, சம்பளம் வாங்காத தொண்டர்களும் இருக்கிறார்கள். பகலில் பள்ளி வாத்தியாராக இருப்பவர் இரவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறார். பண்ணை வாசலில் ஒரு மேஜைமேல் தக்காளியும் சோளமும் வைத்து, பக்கத்தில் ஒரு தகர டப்பாவும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எடுத்துக்கொண்டு காசைப் போடவேண்டியதுதான். காவல் கிடையாது.

பள்ளிக்கூட விஷயத்தையும் சொல்லவேண்டும். மேற்கே உள்ள கிராமப் பள்ளிகள் சின்னஞ்சிறியவை. செலவுக்குக் கட்டவில்லை, மூடிவிடலாம் என்று அடிக்கடி பேச்சு எழும். மிடில்பர்க்கிலும் ஹில்ஸ்பரோவிலும் பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. 'சார்ட்டர்' பள்ளி என்ற ஏற்பாட்டின்படி தாங்களே முன்வந்து நடத்துகிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மிடில்பர்க்கில் 2014-இல், ஹில்ஸ்பரோவில் 2016-இல். ஊரில் பள்ளிக்கூடம் மூடினால் ஊரே மூடின மாதிரி என்று தாய்மார்களுக்குத் தெரியாதா?

இந்த ஊர்ப் பெண்களின் பிடிவாதம் இன்றைய சமாசாரம் அல்ல. லீஸ்பர்க்குக்கு வடமேற்கே வாட்டர்போர்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1733 வாக்கில் குவேக்கர்கள் என்னும் சமாதானப் பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒரு மில்லை ஒட்டிக் குடியேறிய ஊர். இன்று கிராமம் முழுவதும் தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அடிமைகளின் பிரச்னையில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, வர்ஜீனியா மாநிலம் அடிமை வைத்திருந்த தெற்கோடு சேர்ந்தது. குவேக்கர்களுக்கோ அடிமைத்தனம் ஆகாது. சுற்றிலும் எதிரிகள். அப்பொழுது, 1864-இல், அந்தக் கிராமத்தின் மூன்று இளம் பெண்கள், லைடா டட்டன், அவள் அக்கா லிஸ்ஸி டட்டன், சிநேகிதி சாரா ஸ்டீர், என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள்! 'வாட்டர்போர்டு நியூஸ்' என்று பெயர். கையெழுத்துப் பிரதியை நதி தாண்டிப் பால்டிமோருக்கு அனுப்பி அச்சிட்டு வரவழைத்தார்கள். வடக்கே இருந்த லிங்கன் சர்க்காரை ஆதரித்தும், நையாண்டி செய்தும், விடுகதை போட்டும் எட்டு இதழ்கள் வந்தன. கிடைத்த பணம் காயம் பட்ட சிப்பாய்களின் சிகிச்சைக்குப் போயிற்று.

அந்த வருஷக் கடைசியில் ஒரு கொடுமை நடந்தது. எதிரிப் படைக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று வடக்குப் படையே இந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, களஞ்சியங்களையும் மில்களையும் கொளுத்திவிட்டுக் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. தங்களை ஆதரித்த குவேக்கர்களின் களஞ்சியங்களையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் பத்திரிகையை நிறுத்திவிடவில்லை. 1865 வசந்தம் வரை நடத்தினார்கள். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நான் அந்தத் தெருவில் சற்று நேரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றால் நீங்கள் பரிகாசம் செய்யமாட்டீர்கள்.

அந்தக் களஞ்சியங்கள் மறுபடி எழும்பின. ஆனால் நெருப்பு செய்யாததை மனைக்கட்டு செய்துவிடும் போலிருந்தது. பண்ணைக்காரரின் நிலைமையைப் பாருங்கள். முன்பு இங்கிருந்து வாஷிங்டனுக்குப் பாலைக் கொண்டுபோக ஒரு ரயில் ஓடியது. 1968-இல் அதை நிறுத்திவிட்டார்கள். (தண்டவாளம் இருந்த பாதையில் இன்று 45 மைல் நீளத்துக்கு நடக்கவும் சைக்கிள் விடவும் தார்ப் பாதை போட்டிருக்கிறார்கள்; நடந்து பார்த்தேன், பிரமாதம்.) பாலில் லாபம் குறைந்தது; நிலத்தின் விலை ஏறியது. அறுபது வயதில் இடுப்பு வலியோடு பசு மாட்டைக் கட்டி மேய்ப்பவரிடம், வீடு கட்டும் கம்பெனிக்காரர் வந்து கோடிக்கணக்கில் தருகிறேன் என்றால் அவர் என்ன செய்வார்? நம் காவேரிக் கரையிலும் இந்தக் கதை நடக்கவில்லையா?

கவுண்டியார் 2003-இல் ஒரு விதி செய்தார்கள். மேற்கே இத்தனை ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்றார்கள். நிலச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005-இல் வர்ஜீனியா சுப்ரீம் கோர்ட் விதியைத் தள்ளிவிட்டது. காரணம், பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பு, விதி என்ன சொல்கிறதென்று சரியாக விளக்கவில்லை என்பது! விளம்பரத்தில் கஞ்சத்தனம் செய்தால் வரும் வினை பார்த்தீர்களா? 2006-இல் மறுபடி முறைப்படி நிறைவேற்றினார்கள். வடபகுதியில் 20 ஏக்கருக்கு ஒரு வீடு, தென்பகுதியில் 40 ஏக்கருக்கு ஒரு வீடு என்பது அடிப்படை. வீடுகளை ஓரிடத்தில் நெருக்கிக் கட்டி மிச்ச நிலத்தைத் திறந்த வெளியாக விட்டால் இன்னும் சில வீடுகள் கட்டலாம். நான் தங்கிய வீடும் அப்படி வந்ததுதான்.

விதி நிலத்தைக் காப்பாற்றலாம். பண்ணைக்காரருக்குச் சோறு போடுமா? ஆகவே அவர்கள் வேறு வழி தேடினார்கள். சிலர் திராட்சை போட்டு மது வடிக்கிறார்கள். 40-க்கு மேற்பட்ட மதுச்சாலைகள் இருக்கின்றன. சிலர் களஞ்சியத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சனிக்கிழமை இரவில் பாண்டு வாத்தியம் முழங்கினால், அமைதியைத் தேடி வந்தவர்கள் கவுண்டி ஆபீஸுக்குப் புகார் எழுதுகிறார்கள். "எரு நாற்றம் என்று சொன்னீர்கள், விட்டேன். பாட்டுச் சத்தமும் கூடாதென்றால் நான் எதை விற்றுச் சாப்பிடுவது?" என்று ஒரு பண்ணைக்காரர் என்னிடம் கேட்டார். அவர் கட்சியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. பசுமையைப் பார்த்து ரசிக்கிறவர்கள் அதற்கு விலை கொடுப்பதில்லை.

பின் யார் கொடுக்கிறார்கள்? இப்பொழுது அந்த ஜன்னல் இல்லாத கட்டடங்களை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கவுண்டியின் பொது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அவற்றின் வரிதான்! குழந்தைகளோ குடித்தனமோ இல்லாத கட்டடங்கள். பள்ளிக்கூடம் கேட்பதில்லை. அவற்றுக்காக ஒரு டாலர் செலவழித்தால் 26 டாலர் வரியாக வருகிறது என்று கவுண்டியார் கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பணம் இருப்பதால்தான் வீட்டு வரி கட்டுக்குள் இருக்கிறது. மேற்கே வீடு கட்டி வரி வசூலிக்கவேண்டிய நெருக்கடியும் இல்லாமலிருக்கிறது. கிழக்கே உறுமும் யந்திரந்தான் மேற்கே குயில் கூவுவதற்குச் செலவு செய்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த யந்திரங்களுக்குப் பசி எடுத்துவிட்டது. மின்சாரப் பசி. கிழக்கே உற்பத்தியாகும் மின்சாரம் போதவில்லை. மலைக்கு அப்பாலிருந்து கொண்டுவர வேண்டும். நடுவில் இருப்பது மேற்கு லௌடன். 13 மாநிலங்களின் மின்சார வலையை நிர்வகிக்கும் பி.ஜே.எம். என்ற ஸ்தாபனம் 2023 டிசம்பரில் 500 கிலோவோல்ட் சக்தியுள்ள புதிய கம்பித் தடங்களுக்குச் சம்மதம் தந்தது. அவற்றில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு வழியாக வரும் என்றதும் பண்ணை வாசல்களில் எதிர்ப்புப் பலகைகள் முளைத்தன. பனை உயரத்துக்கு மேல் இரும்புக் கோபுரங்கள். கோபுரத்துக்குக் கோபுரம் மரம் வெட்டிய வெளி. எந்தப் பண்ணையின் நடுவே போகும், எந்தப் பழைய மதிலை இடிக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினார்கள். கவுண்டியாரும் விழித்துக்கொண்டு, 2025 மார்ச்சில், இனி டேட்டா சென்டர் கட்டத் தனி அனுமதியும் பொது விசாரணையும் வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். ஆனால் கம்பித் தடத்தைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் கவுண்டியிடம் இல்லை. அது நூறு மைலுக்கு அப்பால் ரிச்மண்டில் இருக்கும் மாநிலக் கமிஷனிடம் இருக்கிறது.

நான் தங்கிய வீட்டு அம்மாள் இரண்டு பொதுக்கூட்டங்களுக்குப் போய்வந்தார். ஒன்றில் மேடையேறி மூன்று நிமிஷம் பேசினாராம். வாழ்நாளில் மைக்கைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "ஆஷ்பர்னிலேயே இருந்திருக்கலாமோ?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்ற லாரியைப் பார்க்கப் போய்விட்டார். கிணற்றுப் பம்புக்காக ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்கள். கம்பி தலைக்கு மேலே போனாலும் போகாவிட்டாலும், அடுத்த புயலில் தொட்டி நிரப்பி வைக்கவேண்டாம் அல்லவா?